ஹெந்தளையில் எரிந்தது

சில மாதங்களுக்கு முன் எமது ஊர் வாசிகசாலையில் இளைஞர் சிலர் நடத்தும் வாசிப்பு வட்டத்திற்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். இலங்கைத் திரைப்படத் தொழிலின் தொடக்க காலத்தைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். கே. குணரத்தினம் என்ற பெயரைச் சொல்லி நாம் பேச்சைத் தொடங்கினோம். ஐந்து நிமிடங்கூடக் கழிந்திராது. பல்கலைக்கழக மாணவர் ஒருவர் எழுந்தார். "சேர், குறை நினைக்காதையுங்கோ. அவர் ஒரு முதலாளிதானே? முதலாளியின்ரை கதை எங்களுக்கு எதுக்கு? வேலை செய்த சனத்தின்ரை கதையைச் சொல்லுங்கோ" என்றார்.

அந்தக் கேள்வி எமக்குச் சினமூட்டவில்லை. நாற்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் பார்த்த நாமே அந்தக் கேள்வியை அந்தக் குரலிலேயே பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பிய பின், அதற்கு நாம் அளித்த அவசரமான விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஆற அமர இருந்து எழுதிப் பார்ப்பதே முறை என்று தோன்றியது. முதலாளியின் கதையையும் வேலை செய்தவரின் கதையையும் தனித்தனியே சொல்ல முடியுமா என்பதே எமக்குள் எழுந்த ஐயம்.

எமது கதையிலிருந்தே தொடங்குவோம். எமது ஊர் மல்லாகம். 1960களின் தொடக்கத்தில் நாம் பள்ளிச் சிறுவர். படம் பார்ப்பதென்றால் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குத்தான் போகவேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரயிலேறிப் போய், வின்சர், வெலிங்டன் ஆகிய தியேட்டர்களின் வாசலில் நெரிபட்டு, கலரி ரிக்கற் ஒன்றைக் கைப்பற்றிவிட்டால் அதுவே வாழ்வின் பெரும்பேறு. கலரி என்பது திரைக்கு மிக அண்மையிலுள்ள வாங்குகள். அங்கே கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்பதை அந்த வயதில் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. பின்னாளில்தான் எண்ணிப் பார்த்தோம். கூலிக்காரர், கள் இறக்குவோர், சந்தை வியாபாரிகள், பள்ளிக்குக் கள்ளமொளித்து வந்த எம்போன்ற வேளாளப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே வாங்கில் முட்டிக்கொண்டு இருந்தோம்.

அந்த நாளில் இது சிறிய செய்தியன்று. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியிருந்தும் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் போத்தலில் தேநீர் கொடுத்த காலம் அது. பெருங்கோயில்களின் கதவுகள் அவர்களுக்கு மூடியிருந்த காலம். சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிய 1966 அக்டோபர் 21ஆம் நாள் ஊர்வலம் இன்னும் நடந்திராத காலம். அவ்வேளையில் தியேட்டர் வாசலில் ரிக்கற் கிழித்தவன் எவரிடமும் குலம் கேட்கவில்லை, காசைத்தான் கேட்டான். தமிழரெல்லாரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் சக்தியே என்றும் கரவெட்டி தந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி பின்னர் தமது ஆய்வில் எடுத்துக் காட்டினார். அதைப் படித்தபோது எமக்கு அந்தக் கலரி வாங்குதான் நினைவுக்கு வந்தது. காசு என்னும் கொடுமை சாதி என்னும் கொடுமையைச் சற்று நேரம் வெளியே நிறுத்தி வைத்தது. படம் முடிந்து வெளியே வந்ததும் இரண்டும் எம்மைப் பிடித்துக்கொண்டன என்பது வேறு கதை.

அந்தக் கூரைகளை எழுப்பியவர்களும் அத்திரைகளுக்குப் படம் அனுப்பியவர்களும் யார்? இங்கேதான் முதலாளியின் கதை எமது கதைக்குள் நுழைகிறது.

இலங்கையில் சினிமாவை ஒரு தொழிலாக நிலைநிறுத்தியவர்களுள் முதல்வர் சேர் சிற்றம்பலம் கார்டினர். 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் என்ற கொம்பனியை நிறுவினார். நாடெங்கும் படமாளிகைகளைக் கட்டியும் வாங்கியும் இணைத்தார். செனற் சபை உறுப்பினராகவும் விளங்கினார். 1960இல் அவர் மறைந்தார். கொழும்பில் றீகல் தியேட்டர் நிற்கும் தெரு இன்று அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருக்குப் பின் வந்த அடுத்த பெரும்புள்ளி குணரத்தினம். யாழ்ப்பாணத்துத் தமிழர். தெற்கே பிழைப்புத் தேடிப் போன பல்லாயிரம் யாழ்ப்பாணத்தவருள் ஒருவர். எம்மவருட் பலர் எழுதுவினைஞராகவும் சுருட்டுக் கடைக்காரராகவும் ஆனார்கள். அவர் படச்சுருள் வணிகரானார். சினிமாஸ் லிமிடெட் என்ற கொம்பனியை நடத்தி இந்தியப் படங்களைத் தருவித்து விநியோகித்தார். தியேட்டர்கள் அவர் கைக்கு வந்தன. பின்னர் படம் எடுக்கவும் இறங்கினார். கொழும்புக்கு வடக்கே, வத்தளையை அடுத்த ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவை அமைத்தார்.

இந்த இடத்தில் சினிமாத் தொழிலின் உட்கட்டமைப்பைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். படம் எடுப்பவன் ஒருவன். அதை வாங்கி ஊரூராக அனுப்புபவன் ஒருவன். திரையிடும் மண்டபத்தின் சொந்தக்காரன் ஒருவன். இம்மூன்றும் மூவர் கையில் இருந்தால் ஒருவனை மற்றவன் கட்டுப்படுத்துவான். மூன்றும் ஒருவர் கையில் சேர்ந்தால், எந்தப் படம் எங்கே எத்தனை நாள் ஓடவேண்டும் என்பதை அவரே தீர்மானிப்பார். ஹொலிவுட்டின் பெரிய கொம்பனிகள் இப்படித்தான் வளர்ந்தன. 1948இல் அமெரிக்க உயர் நீதிமன்றமே தலையிட்டுத் தியேட்டர்களை அவற்றிடமிருந்து பிரிக்க வழிசெய்ய வேண்டியதாயிற்று. இலங்கையில் அத்தகைய ஆதிக்கம் விரல்விட்டு எண்ணத்தக்க சில கொம்பனிகளிடம் இருந்தது. சிலோன் தியேட்டர்சும் சினிமாஸ் லிமிடெட்டும் அவற்றுள் முதன்மையானவை.

ஹொலிவுட்டைப் பற்றிச் சொன்னபோது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கக் கனவைத் திரையில் வடித்த முதலாளிகளுட் பலர் அந்த நாட்டில் வேரோடியவர்களல்லர். அடொல்ப் சூக்கர் ஹங்கேரியிலிருந்து வந்த யூதர்; லூயி மேயர் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதக் குடும்பத்தவர். அங்கே போலவே இங்கேயும் நிகழ்ந்தது. சிங்கள மக்களின் திரைக் கனவுக்கு முதலிட்டவர்களுட் பலர் தமிழர். முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரியில் வெளியாயிற்று. தயாரித்தவர் தென்னிந்தியத் தமிழரான எஸ். எம். நாயகம், எடுக்கப்பட்ட இடம் மதுரை. அதே ஆண்டு வெளிவந்த 'அசோகமாலா' கார்டினரின் முதலீட்டில் கோயம்புத்தூரில் உருவாயிற்று. சிங்களத் திரையின் முதற் பெருநடிகை ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். கொழும்புச் செட்டி வகுப்பினர். சிங்கள மக்கள் இன்றும் முணுமுணுக்கும் எத்தனையோ பாடல்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி நாகர்கோவிற் பக்கத்திலிருந்து வந்தவர்.

இதை நாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. முதலுக்கு மொழியில்லை, இலாபம் எந்த மொழி பேசுகிறதோ அந்த மொழியை அது விரைவாகக் கற்றுக்கொள்ளும். சிங்களப் படத்துக்கு இலங்கைக்கு வெளியே போட்டியில்லை. பார்ப்பவர் தொகையோ பெரிது. தமிழ்ப் படமென்றால், சேலத்திலும் சென்னையிலும் பெரும்பொருட் செலவில் எடுத்த படம் பெட்டியில் வந்து இறங்குகிறது. அதன் உரிமையை வாங்கித் திரையிடுவதில் ஆபத்துக் குறைவு, ஆதாயம் அதிகம். இந்நிலையில் ஈழத்தில் தமிழ்ப் படமெடுக்க எந்தப் பெருமுதலாளி முன்வருவான்? எடுத்தவர்கள் சிறிய மனிதர். 1963இல் 'தோட்டக்காரி'யைத் தந்த கிருஷ்ணகுமாரும், 1972இல் 'குத்துவிளக்கு' ஏற்றிய கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜாவும், 1975இல் 'புதிய காற்று' கொணர்ந்த மலையகத் தொழிற்சங்கவாதி வி. பி. கணேசனும் ஆசைக்கு முதலிட்டவர்களே அன்றி ஆதாயத்துக்கு முதலிட்டவர்களல்லர்.

குணரத்தினத்தின் முதற் பெருவெற்றி 1953இல் வெளியான 'சுஜாதா'. இயக்கியவர் ரி. சோமசேகரன். பாட்டு, கண்ணீர், கெட்டவன், நல்லவள் என்ற இந்தியப் பட வாய்பாட்டில் அமைந்த அத்தகைய படங்களைச் சிங்களத் திறனாய்வாளர் கடுமையாகச் சாடினார்கள். தென்னிந்தியச் சரக்குக்குச் சிங்களச் சட்டை போட்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. அது பெரும்பாலும் உண்மை. எனினும் வேறோர் உண்மையும் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1956இல் 'ரேகாவ' என்ற படத்தை எடுத்தார். ஸ்ரூடியோவுக்கு வெளியே, கிராமத்து வெயிலில் எடுத்த படம். உலக விழாவில் இடம் பெற்ற அப்படம் உள்ளூர் வசூலில் தோற்றது. தோற்ற இயக்குநரை எந்த வணிகரும் அணுகமாட்டார். ஆனால் 1960இல் லெஸ்டர் எடுத்த அடுத்த கதைப்படமாகிய 'சந்தேசய'வுக்கு முதலிட்டவர் குணரத்தினமே. போர்த்துக்கேயர் காலத்துக் கதை, காமினி பொன்சேகா நடித்தது, நன்றாக ஓடிற்று. அது கலைப்பற்றா, கணக்குப்புத்தியா என்று தீர்ப்புச் சொல்ல எம்மால் இயலாது. இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கக்கூடியவை. முதலாளி என்ற சொல்லால் மனிதன் முழுவதையும் மூடிவிட முடியாது என்பதை மார்க்சியம் கற்ற நாம் ஏன் மறுக்கவேண்டும்?

இனி, அந்த மாணவர் கேட்ட மற்றக் கதை. எமது தாயாரின் தம்பி, எமக்கு அம்மான், 1950களின் பிற்பகுதியில் யாழ்தேவி ஏறிக் கொழும்புக்குப் போனவர். படச்சுருள் கழுவி வெட்டி ஒட்டும் சிறிய கூடமொன்றில் வேலை கிடைத்தது. இருட்டறையில் மருந்துத் தொட்டி. அப்பால் உலர்த்தும் இடம். அதற்கப்பால் கத்தரிக்கோலும் ஒட்டுப் பசையும் வைத்த மேசை. இருபத்தைந்து ஆண்டுகள் அந்த மேசையில் குனிந்திருந்தார். சிங்களம் சரளமாகப் பேசுவார். சிங்கள நண்பர்களின் வீட்டில் வருடப்பிறப்புக்குக் கிரிபத் உண்பார். விடுமுறையில் ஊருக்கு வரும்போது விரல் நுனிகளில் மருந்தின் கறை மாறாதிருக்கும்.

அந்தக் கூடத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அம்மானுக்கு ஒருநாளும் நியமனக் கடிதம் தரப்படவில்லை. நாட்கூலிதான். ஊழியர் சேமலாப நிதி 1958இல் சட்டமாயிற்று. அவருடைய பெயர் அதில் ஏறவேயில்லை. "முதலாளியைக் கேட்க வேண்டியதுதானே?" என்று நாம் ஒருமுறை சீறினோம். அம்மான் சிரித்தார். "எந்த முதலாளியைத் தம்பி? எனக்குத் தெரிஞ்சது கங்காணியைத்தான்" என்றார். ஹெந்தளை ஸ்ரூடியோவுக்கும் படப்பெட்டி சுமந்துகொண்டு பலமுறை போயிருக்கிறார். ஆனால் குணரத்தினத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் நேரிற் கண்டதில்லை என்று சொன்னார். ஒரே தொழில், ஒரே குடாநாடு, ஒரே மொழி. இருவருக்கும் இடையே ஒரு கடல் கிடந்தது. இனம் ஒன்றென்று பேசுவோர் இந்தக் கடலை அளந்து பார்க்கவேண்டும்.

1970இல் ஐக்கிய முன்னணி அரசு வந்தபோது நாம் மகிழ்ந்தோம். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்தது. இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு மாறின. தனியார் ஆதிக்கம் தளர்ந்தது. இந்தியப் படங்களின் வரவு கட்டுப்பட்டதால் உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கும் சற்று மூச்சு வந்தது. 1978இல் மட்டும் 'வாடைக்காற்று' உட்பட ஐந்துக்குக் குறையாத ஈழத்துத் தமிழ்ப் படங்கள் திரையேறின. அதற்கு முந்திய ஆண்டு தர்மசேன பத்திராஜ என்ற சிங்களக் கலைஞர், காவலூர் ராசதுரையின் எழுத்தில், யாழ்ப்பாணத்து மண்ணிலேயே 'பொன்மணி'யை எடுத்தார். எமது சாதியையும் சீதனத்தையும் எமது முற்றத்தில் வைத்தே காட்டிய படம். அது ஓடவில்லை. முதலாளி தமிழ்ப் படத்துக்கு முதலிடவில்லை என்று குறைகூறிய நாம், உண்மையான தமிழ்ப் படம் வந்தபோது ரிக்கற் வாங்கவில்லை. இதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

1983 ஜூலை வந்தது. 24ஆம் நாள் கொழும்பில் மூண்ட தீ நாட்கணக்கில் எரிந்தது. தமிழர் வீடுகள், கடைகள், ஆலைகள் எரிந்தன. ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிந்தது. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழர் கே. வெங்கட் அந்நாள்களில் கொல்லப்பட்டார். ஸ்ரூடியோவில் எரிந்தவை கமெராவும் கட்டடமும் மட்டுமல்ல. அங்கே வைக்கப்பட்டிருந்த பல சிங்களப் படங்களின் மூலச்சுருள்களும் சாம்பலாயின. மூலச்சுருள் என்பது ஒரு படத்தின் விதைநெல். தியேட்டருக்குப் போகும் பிரதிகள் ஓடியோடிக் கீறி வெளிறிப் போகும். மூலச்சுருள் இருந்தால் புதுப் பிரதி எடுக்கலாம். அது போனால் படமே போயிற்று. நாட்டில் முறையான திரைப்படக் காப்பகம் அப்போது இருக்கவில்லை. தமிழனுடைய சொத்தென்று எண்ணித் தீ வைத்தவர்கள் தங்கள் தாய் தந்தையர் பார்த்து அழுத படங்களையே எரித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்கள் எரிப்பது என்னவென்று அறிந்தே எரித்தார்கள். ஹெந்தளையில் எரித்தவர்கள் அதைக்கூட அறியவில்லை.

எம்மில் சிலர் அன்று, தமிழ் முதலாளிகளின் சொத்துத்தானே போயிற்று என்று மேலோட்டமாகப் பேசினார்கள். நாமும் அவர்களோடு சிறிது காலம் உடன்பட்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். வெறிபிடித்த கூட்டம் வர்க்கம் பார்ப்பதில்லை. பெருமுதலாளியின் ஸ்ரூடியோவை எரித்த அதே கைகள் அம்மான் வாடகைக்கிருந்த அறையையும் எரித்தன. வித்தியாசம் பின்னர்தான் தெரிந்தது. முதல் உள்ளவன் மறுபடி எழ வழி தேடலாம். கூலிக்கு எழ வழியில்லை. ஒரு சிங்களக் குடும்பம் இரண்டு நாள் மறைத்து வைத்துக் காப்பாற்றியபின், அகதி முகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார் அம்மான். உடுத்திருந்த உடுப்பு, மடியில் ஒரு கத்தரிக்கோல். படச்சுருள் வெட்டும் கத்தரிக்கோல். ஏன் அதை எடுத்து வந்தீர்கள் என்று கேட்டோம். "கையிலை இருந்தது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. சேமலாப நிதிக்காக அவருக்காக நாம் எழுதிய கடிதங்கள் ஒன்றுக்கும் பயன் விளையவில்லை. பெயர் எங்குமே பதியப்படாதவருக்கு எதை இழந்ததாகக் கணக்குக் காட்டுவது?

கதை அத்துடன் முடியவில்லை. 1989 ஆகஸ்டில் குணரத்தினம் கொழும்பிற் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சியும் அதை அடக்க அரசு கட்டவிழ்த்த கொலைகளும் தென்னிலங்கையை இரத்தத்தில் தோய்த்த நாள்கள் அவை. அக்கொலை அந்தக் கிளர்ச்சியாளரின் ஆயுதப் பிரிவின் செயலென்றே பொதுவாகக் கூறப்படுகிறது. 1988 பெப்ரவரியில் இடதுசாரி நடிகர் விஜய குமாரதுங்கவைக் கொன்றதும் அதே அரசியல்தான். அந்த விஜய குமாரதுங்க யாழ்ப்பாணம் வரை வந்து தமிழரோடு பேசியவர்; சிங்களரின் திரை நாயகர். முதலாளி ஒருவரையும் முதலாளியத்தை எதிர்த்த ஒருவரையும் அடுத்தடுத்துப் பலிகொண்ட அரசியல் தன்னைச் சோசலிசம் என்று அழைத்துக்கொண்டது.

இதைப்பற்றி எம் போன்றோர் வாய் திறந்ததுண்டா? இனவெறியின் தீயை நாம் கண்டித்தோம், அது எளிது. செங்கொடியின் பெயரால் சுட்ட துப்பாக்கியைக் கண்டிக்கும்போது எமது குரல் ஏன் தாழ்ந்தது? சுரண்டலை ஒழிப்பதென்பது உறவுமுறையை மாற்றுவது, ஆளைத் தீர்ப்பதன்று. குணரத்தினம் கொலையுண்டதால் ஒரு நாட்கூலிக்காரனின் பெயர்கூடச் சேமலாபப் பதிவேட்டில் ஏறவில்லை. 1971ஆம் ஆண்டின் சட்டம், அதன் குறைகள் எவையாயினும், ஓர் உயிரையும் எடுக்காமல் அவருடைய ஆதிக்கத்தைத் தளர்த்திக் காட்டியது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்காத ஆசிரியன் வரலாறு கற்பிக்கவில்லை.

அம்மான் 1995 அக்டோபரில் வலிகாமத்து மக்களோடு மக்களாக மழையில் நடந்து தென்மராட்சிக்குப் போனார். திரும்பி வரவில்லை. கத்தரிக்கோல் எம்மிடம் இருக்கிறது. எமது தாயார் வாழ்ந்த காலத்தில் அதனாற் சட்டைத் துணி வெட்டுவார். இன்றும் அது கூர் மழுங்கவில்லை.

அடுத்த மாதம் வாசிப்பு வட்டம் மறுபடி கூடுகிறது. அந்த மாணவருக்கு நாம் சொல்லப்போவது இதுதான்: தம்பி, நீர் கேட்டது சரி. ஆனால் வேலை செய்தவனின் கதையை எழுதப் போனால் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்தாகவேண்டும். அவனுடைய பெயர் அதில் இல்லை என்பதைக் கண்டுபிடிப்பதற்காகவேனும் திறக்கவேண்டும். ஹெந்தளையில் எரிந்தது ஒருவருடைய சொத்து மட்டுமன்று. பெயரில்லாத பல கைகள் வெட்டி ஒட்டிய உழைப்பும் அங்கேதான் எரிந்தது. அந்தத் தொழிலிற் கூலிக்கு உழைத்த தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் இன்னும் சிலராவது உயிரோடிருப்பார்கள். யாழ்ப்பாணத்திலும் வத்தளையிலும் கந்தானையிலும் அவர்களைத் தேடிப் போவோம். பெயர்களை எழுதிக்கொள்வோம். நாம் எழுதாவிட்டால் அவர்களின் பெயர் வேறெந்தப் பதிவேட்டிலும் ஏறப்போவதில்லை.